மாலை 6 முதல் 9 வரை: பெற்றோரின் போனை என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக இது: கணவருக்குத் துபாயில் வேலை. நான் இங்கே ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். வீட்டுக்கு வர மாலை 6 ஆகிவிடும். மாமியார் கூட இருக்கிறார், மாலையில் டிவியில் அவருடைய சீரியல் ஓடும். பையனுக்கு 7 வயது, பெண்ணுக்கு 12. “நீ எப்பப் பாத்தாலும் போன்லதாம்மா இருக்க” என்கிறான் பையன். பெண் எதுவும் சொல்வதில்லை. போன் பார்ப்பதைக் குறைக்க நினைத்தேன், நாலே நாளில் பழையபடி ஆகிவிட்டது. எங்கே தப்பு?

பதில்:

நீங்கள் குறைக்கப் பார்த்தது மொத்த மணி நேரத்தை. தப்பு அங்கேதான். பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் ரீல்ஸ் பார்த்தால் உங்கள் தூக்கம் கெடும், கண் எரியும். பிள்ளையோடு பேசுவது அதனால் கெடாது. ஆனால் 6 மணிக்கும் 9 மணிக்கும் நடுவே ஒவ்வொரு நிமிடமாகப் பதினைந்து தடவை எடுத்துப் பார்த்தால், கூட்டிப் பார்க்கையில் கால் மணி நேரம்தான் வரும். பையன் கணக்கில் அது ‘எப்பப் பாத்தாலும்’. அவன் சொல்வதும் சரிதான். பதினைந்து தடவை என்றால் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அவன் பேச்சு அறுந்திருக்கிறது.

அதனால் முதலில் எண்ண வேண்டியது மணியை அல்ல, எத்தனை முறை எடுக்கிறீர்கள் என்பதை. ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்ஸில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ என்று ஒன்று இருக்கும். 2018இல் வந்த வசதி. இன்று எத்தனை தடவை அன்லாக் செய்தீர்கள் என்ற எண் அதில் இருக்கும். ஐபோனில் ‘ஸ்கிரீன் டைம்’ உள்ளே ‘பிக்கப்ஸ்’ என்று பாருங்கள். எடுத்தவுடன் முதலில் எந்த ஆப்பைத் திறந்தீர்கள் என்பதையும் அது காட்டும். மொத்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அலுவலக நேரமும் அதில் சேர்ந்துதான் இருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த எண்ணைக் காலண்டர் தாளில் குறியுங்கள், இரவு 9 மணிக்கு இன்னொரு முறை குறியுங்கள், கழித்துப் பாருங்கள். எதையும் மாற்றாமல் ஐந்து நாள் இதை மட்டும் செய்தால் போதும். குறைக்க வேண்டியது இந்த ஒரே எண்ணைத்தான்.

இடையில் அறுவது ஏன் இவ்வளவு பாதிக்கிறது? எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் செய்த ஒரு சோதனை இன்றும் பாடமாக இருக்கிறது. தாய் கைக்குழந்தையோடு கொஞ்சிப் பேசிக்கொண்டிருப்பார். சொன்னவுடன் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் கொடுக்கும். எதற்கும் பதில் வராவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கடைசியில் அழும். எல்லாம் சில நிமிடங்களுக்குள் நடந்துவிடும். போனில் ஆழ்ந்த முகமும் ஏறக்குறைய அதே முகம்தான்.

2017இல் வெளியான இன்னொரு ஆய்வில் 38 தாய்மார்கள் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிதாக இரண்டு சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு சொல்லை இடையூறில்லாமல், இன்னொன்றை நடுவில் போன் அழைப்பு வந்து நின்று, பிறகு தொடர்ந்து. இரண்டு சொல்லும் குழந்தையின் காதில் விழுந்தது ஒரே எண்ணிக்கையில்தான். ஆனால் இடையூறில்லாத சொல்லைக் குழந்தைகள் கற்றுக்கொண்டார்கள், மற்றதைக் கற்கவில்லை. சொன்ன அளவு குறையாவிட்டாலும் ஓட்டம் அறுந்தால் பலன் போய்விடுகிறது.

ஜெனி ரடெஸ்கி என்ற குழந்தை மருத்துவரும் சகாக்களும் பாஸ்டன் நகரத் துரித உணவகங்களில் உட்கார்ந்து பார்த்ததை 2014இல் வெளியிட்டார்கள். பிள்ளையோடு வந்த 55 பெரியவர்களில் 40 பேர் சாப்பாட்டு நேரத்தில் கருவியை எடுத்தார்கள். அதிலேயே மூழ்கிப் போனவர்கள், பிள்ளை கவனத்தை இழுக்கச் சேட்டை செய்தபோது கடுமையாக நடந்துகொண்டதையும் பதிவு செய்திருக்கிறார்கள். போனைப் பார்க்கும்போது மட்டும் உங்களுக்கு ஏன் சுள்ளென்று கோபம் வருகிறது என்பதற்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது.

இன்னொரு விஷயம் நம் கண்ணில் படுவதில்லை. அப்பா பேப்பர் படித்தால் பேப்பர் தெரியும், அம்மா கணக்கு எழுதினால் நோட்டு தெரியும். இன்று மின்கட்டணமும் வாட்ஸப்பும் சேலை விற்பனை வீடியோவும் ஒரே கண்ணாடிக்குள். எதிரே நிற்கும் ஏழு வயதுப் பையனுக்குத் தெரிவது உங்கள் நெற்றியும் போனின் முதுகும் மட்டும்தான். அதனால் எடுத்தே ஆக வேண்டிய நேரத்தில் வாயால் சொல்லிவிட்டு எடுங்கள்: “கரண்ட் பில் கட்டறேன், ரெண்டு நிமிஷம்.” முடிந்ததும் “கட்டியாச்சு” என்று சொல்லி வையுங்கள். கூச்சமாக இருக்கும். ஆனால் வாய்விட்டுச் சொல்ல முடியாத காரணத்துக்காக எத்தனை முறை எடுக்கிறோம் என்பது இரண்டே நாளில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இப்போது வேலைக்கு வருவோம்.

மூன்று மணி நேரத்தையும் ஒரேயடியாக மூடாதீர்கள். முதல் வாரம் மூன்று துண்டு போதும்: வீட்டுக்கு வந்த முதல் 20 நிமிடம், சாப்பாட்டு நேரம், தூங்கப் போகும் முன் 20 நிமிடம். இந்த மூன்றில் முதலாவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். நாள் முழுக்கச் சேர்த்து வைத்ததைப் பிள்ளை கொட்ட வரும் நேரம் அது. நாமோ போனைக் காதில் வைத்தபடியே கதவைத் திறக்கிறோம். அழைப்பு இருந்தால் வாசலிலேயே, வண்டியை நிறுத்திய இடத்திலேயே பேசி முடித்துவிட்டு உள்ளே வாருங்கள்.

அடுத்தது, போனுக்கு ஓர் இடம். பையில் போட்டால் சரி, கவிழ்த்து வைத்தால் சரி என்பதெல்லாம் நிற்காது, கை தானாகப் போய்விடும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நடந்தால்தான் எட்ட வேண்டும், ஆனால் மணி அடித்தால் காதில் விழ வேண்டும். செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே உள்ள அலமாரி நல்ல இடம். சமையலறை ஆகவே ஆகாது, குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரம்தான் போன் பார்க்கும் நேரம். படுக்கையறையும் வேண்டாம். சார்ஜரை அந்த இடத்தில் நிரந்தரமாகச் செருகிவிட்டு, வீட்டில் மற்ற இடங்களில் இருக்கும் சார்ஜர்களை எடுத்துவிடுங்கள். சார்ஜ் போடவாவது போன் அங்கே போய்ச் சேரும்.

போன் செய்துகொண்டிருந்த சில்லறை வேலைகளுக்கு மாற்று வாங்கி வையுங்கள். பலரும் தோற்பது இங்கேதான். மணி பார்க்க எடுத்தேன், அப்படியே இருபது நிமிடம் போய்விட்டது என்பார்கள். கூடத்தில் ஒரு சுவர்க்கடிகாரம், படுக்கை பக்கத்தில் ஓர் அலாரம் கடிகாரம், கரண்ட் போனால் எடுக்க ஒரு டார்ச், வாங்க வேண்டியதை எழுத ஃபிரிட்ஜ் மேல் ஒரு நோட்டும் பேனாவும். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

அவசர அழைப்பைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயம் நியாயமானது. அந்தப் பயம் இருக்கும்வரை கை போகத்தான் செய்யும். ‘டூ நாட் டிஸ்டர்ப்’ வசதியில் 6 முதல் 9 வரை தினமும் தானாக இயங்கும்படி நேரம் குறித்துவிடுங்கள். அழைப்புகள் என்ற பகுதியில், நட்சத்திரம் போட்ட எண்கள் மட்டும் ஒலிக்கும்படி வைக்கலாம். கணவர், உங்கள் அம்மா, அண்ணன், பக்கத்து வீடு, அலுவலகத்தில் ஒரே ஒருவர் என்று ஐந்தாறு எண் போதும். ‘ரிப்பீட் காலர்ஸ்’ என்பதையும் ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் மணி அடிக்கும், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் அழைத்தால் அடிக்கும். உண்மையில் அவசரம் என்றால் யாரும் ஒரு தடவையோடு விடமாட்டார்கள். அமீரகத்தில் வாட்ஸப் அழைப்புக்குத் தடை இருப்பதால் உங்கள் கணவர் போட்டிம் மாதிரி ஏதாவது ஓர் ஆப்பில்தான் வருவார். ஆப் வழியாக வரும் அழைப்புக்கு நட்சத்திரம் உதவாமல் போகலாம். அதே பக்கத்தில் ‘ஆப்ஸ்’ என்ற இடத்தில் அந்த ஆப்பை விதிவிலக்காகச் சேர்த்துவிடுங்கள். சேர்த்த பிறகு அவரை ஒருமுறை அழைக்கச் சொல்லிச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

பள்ளி வாட்ஸப் குழு தனித் தலைவலி. வீட்டுப்பாடம் அதில்தான் வருகிறது, அதனால் விடவும் முடியாது. வரும் நூறு செய்தியில் தேவையானது ஆசிரியர் போட்ட ஒன்றுதான். மீதி எல்லாம் ‘நன்றி மிஸ்’. குழுவை நிரந்தரமாக மியூட் செய்துவிட்டு, அலுவலகத்திலிருந்து கிளம்பும் முன் ஒருமுறையும் இரவு 9 மணிக்கு ஒருமுறையும் பாருங்கள். மாலையில் பார்த்ததை உடனே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுப்பாடம் செய்யும்போது பக்கத்தில் போன் இருந்தால், கவனம் முதலில் சிதறுவது பையனுக்கு அல்ல, உங்களுக்கு.

ஆப்புக்கு நேர வரம்பு வைப்பதைப் பலரும் முதல் வழியாகச் சொல்வார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். வைத்த ஆளே எடுத்துவிடக்கூடிய பூட்டு அது. வரம்பு முடிந்தால் ஐபோன் இன்னும் 15 நிமிடம் வேண்டுமா என்று அதுவே கேட்கும், ஆண்ட்ராய்டில் டைமரை நீங்களே அழித்துவிடலாம். அதைவிட, எந்த ஆப் இழுக்கிறதோ அதைப் போனிலிருந்து எடுத்துவிட்டு, வேண்டும்போது பிரவுசரில் கடவுச்சொல் போட்டு நுழைவது நன்றாக வேலை செய்கிறது. ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல் அடிக்கும் எரிச்சல் வரம்பை விடப் பெரிய காவல். போனைக் கறுப்பு வெள்ளையாக்குவதும் சிலருக்கு உதவும். புடவை வீடியோ சாம்பல் நிறமாகத் தெரிந்தால் யார் பார்ப்பார்கள்? பணம் அனுப்ப ஸ்கேன் செய்வதற்கு அதனால் ஒன்றும் கெடாது.

மாமியாரின் சீரியல் விஷயத்தில் சண்டைக்குப் போக வேண்டாம். பகல் முழுக்கப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவருக்கு அது ஓய்வு. ஆனால் யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவி வேறு. பின்னணியில் டிவி ஓடும்போது பெற்றோர் குழந்தையிடம் பேசுவது அளவிலும் தரத்திலும் குறைகிறது என்பதை 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். அங்கே ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளோடு பெற்றோர் அரை மணி நேரம் டிவி ஓடும்போதும், அரை மணி நேரம் ஓடாதபோதும் இருந்தார்கள். “அத்தை, நீங்க பாக்கற ரெண்டு சீரியல் எதுன்னு சொல்லுங்க, அப்ப நான் பசங்கள உள்ள கூட்டிட்டுப் போயிடறேன். மத்த நேரம் அணைச்சுடலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். கூடவே, நீங்கள் போன் எடுத்தால் சுட்டிக்காட்டும் வேலையை அவருக்கோ பிள்ளைகளுக்கோ கொடுக்காதீர்கள். கண்காணிக்கப்படுபவர் போனைப் பாத்ரூமுக்கு எடுத்துப் போக ஆரம்பிப்பார்.

போனை வைத்துவிட்டு என்ன செய்வது? நாலாம் நாள் தோற்பது இந்த இடத்தில்தான். போனை வைத்தவுடன் நேரம் வெறுமையாக நிற்கும். “இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?” என்று கேட்பீர்கள், “ஒண்ணுமில்ல” என்று வரும், ஐந்து நிமிடத்தில் இருவருக்கும் சலித்துவிடும்.

ஏழு வயதுக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு முறை இருக்கிறது. 1970களில் ஷீலா ஐபெர்க் என்ற உளவியலாளர் பெற்றோருக்கும் குழந்தைக்குமாகச் சேர்த்து ஒரு சிகிச்சையை உருவாக்கினார். வீட்டில் தினமும் ஐந்தே நிமிடம் பிள்ளை வழியில் விளையாட வேண்டும் என்பது அதன் வீட்டுப்பாடம். அந்த ஐந்து நிமிடம் கேள்வி கேட்கக் கூடாது, ஏவக் கூடாது, குறை சொல்லக் கூடாது. அவன் செய்வதைச் சொல்லுங்கள், அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள், அவன் செய்வதுபோல் நீங்களும் செய்யுங்கள், நன்றாகச் செய்ததை இன்னதென்று குறிப்பிட்டுப் பாராட்டுங்கள். கேட்கச் சுலபம், செய்யும்போதுதான் தெரியும். பையன் கட்டைகளை அடுக்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வாயில் இயல்பாக வருவது:

“என்னடா இது? வீடா? ஜன்னல் எங்க? ஏன் சாய்ஞ்சிருக்கு? நேரா வை.”

நாலு கேள்வி, ஓர் ஏவல். இதற்குப் பதிலாக:

“சிவப்புக் கட்டைய அடியில வெச்சுட்ட. இப்ப மஞ்சள் ஏறுது.”

“இது டேங்கும்மா.”

“ஓ, டேங்க். மொட்டை மாடி டேங்க். விழாம ஒரு கையால புடிச்சுக்கிட்டே வெக்கற பாரு, பொறுமையா செய்யற.”

முதல் இரண்டு நாள் கிரிக்கெட் வர்ணனை மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். இருக்கட்டும். இந்த ஐந்து நிமிடத்துக்குக் கட்டை, களிமண், வரைதாளும் கிரேயானும் நல்லவை. ஜெயிப்பு தோற்பு உள்ள ஆட்டமும், பந்தும், சிந்திக் கொட்டும் பெயின்ட்டும் வேண்டாம். அவற்றில் விதி சொல்லவும் “பாத்துடா” என்று அதட்டவும் வேண்டிவரும். பல்லாங்குழி, தாயம், 3 புலியும் 15 ஆடும் வைத்து ஆடும் ஆடுபுலி ஆட்டம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பாட்டியும் சேருவார். சேட்டை செய்த நாளில் தண்டனையாக இந்த ஐந்து நிமிடத்தை வெட்டாதீர்கள். அன்றைக்குத்தான் அது அதிகம் தேவை.

அப்பாவின் வீடியோ அழைப்பு 6 முதல் 9க்குள் வந்தால் அது விதிமீறலாகாது. ஒன்றரை வயதுக்குக் குறைந்த குழந்தைக்கே எந்தத் திரையும் வேண்டாம் என்று 2016இல் சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், வீடியோ அழைப்பை மட்டும் விலக்கி வைத்தது. நேரத்தை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே 8.30 என்றால் துபாயில் 7. போனைப் பையன் கையில் கொடுத்தால் அப்பாவுக்கு வீட்டு மின்விசிறிதான் தெரியும், மேஜையில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். “சாப்பிட்டியா, படிச்சியா” என்று கேட்டு மூன்று நிமிடத்தில் தீர்ந்துபோகும் அழைப்பை விட, ஒரே கதைப் புத்தகத்தின் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை அவர் எடுத்துப் போய்த் தினம் இரண்டு பக்கம் படிப்பது பத்து நிமிடம் தாங்கும். அழைப்பு முடிந்ததும்தான் ஆபத்து. கையில் போன் இருக்கிறது, மேலே பதினாறு செய்தி காத்திருக்கிறது. அதனால் அழைப்பை முடித்துப் போனை அலமாரியில் கொண்டுபோய் வைப்பது பையனின் வேலை என்று ஆக்கிவிடுங்கள். ஏழு வயதுக்கு இந்தப் பொறுப்பு மிகவும் பிடிக்கும்.

முதல் வாரம் நிலைமை சற்று மோசமாவதுபோல் தெரியலாம். பையன் அதிகமாக ஒட்டிக்கொள்வான், பத்து முறை கூப்பிட்டுச் சோதிப்பான், அல்லது “அப்ப உன் போனை எனக்குக் குடு” என்பான். கொடுக்காதீர்கள். அலமாரியில் இருக்கும் நேரத்தில் அது யாருக்கும் இல்லை. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாள்களில் அலுவலக அழைப்பு வரத்தான் செய்யும். அந்த மூன்று நாளை முன்பே காலண்டரில் வட்டமிட்டு, பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டுத் தெரிந்தே விட்ட நாள் பழக்கத்தைக் கெடுப்பதில்லை. சொல்லாமல் நழுவிய ஒரு நாள்தான் நாலாகிறது. காலண்டர் தாளில் கழித்து எழுதும் அந்த எண் பதினைந்திலிருந்து நாலைந்துக்கு வந்தால் போதும், பூஜ்யம் வேண்டாம்.

கடைசியாகப் பெண். பையன் குறை சொல்கிறான் என்றால் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று பொருள். ஒன்றும் சொல்லாத 12 வயதுப் பெண்ணைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிப்பேன். பல முறை கூப்பிட்டுப் பார்த்து, கேட்பதையே விட்டிருக்கலாம். அவளிடம் ஒரே ஒரு முறை, நீட்டாமல் சொல்லுங்கள்: “நீ பேசும்போது நான் போனையே பாத்துட்டு இருந்திருக்கேன். அது தப்பு. மாத்திக்கப் பாக்கறேன்.” அதோடு நிறுத்துங்கள். “அதனால நீயும் உன் டேப்ப வை” என்று சேர்த்தால் மன்னிப்பு பேரமாகிவிடும். அவளுடைய திரை நேரத்தை முதல் ஒரு மாதம் தொடாதீர்கள்.

இந்த வயதுக்கு எதிரே உட்கார வைத்துப் பேசுவது சரிப்படாது. பக்கத்தில் இருந்து ஏதாவது ஒரு வேலை செய்வதுதான் வழி: துணி மடிப்பது, பட்டாணி உரிப்பது, போனை வீட்டில் வைத்துவிட்டுக் கடைத்தெரு வரை நடப்பது. கேள்வி வேண்டாம். நடுவில் மௌனம் வந்தால் நிரப்பாதீர்கள். இரண்டு மூன்று வாரம் ஒன்றுமே நடக்காமல் போகலாம். பிறகு ஒருநாள் பேசுவாள், அதுவும் நீங்கள் ஒதுக்கி வைத்த நேரத்தில் இருக்காது. பெரும்பாலும் இரவு பத்தேகாலுக்கு, பையன் தூங்கிய பிறகு, நீங்கள் அப்போதுதான் போனை எடுத்து உட்கார்ந்திருக்கும்போது, தண்ணீர் குடிக்க வந்தவள் வாசற்படியில் நின்று “அம்மா, ஒண்ணு தெரியுமா...” என்று ஆரம்பிப்பாள். கையில் இருப்பதை உடனே கவிழ்த்து வைத்துவிட்டு, நகர்ந்து இடம் விடுங்கள்.